கல்லூரி உணவுக்கூடத்தில் சைவ உணவு: எதை நம்பித் தட்டில் எடுத்துக்கொள்வது?

கேள்வி: முதலாமாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி விடுதியில் சேர்ந்து எனக்கு ஏழு வாரங்கள் ஆகின்றன. பிறந்ததிலிருந்து சைவ உணவு மட்டுமே உண்டு வளர்ந்தவள் நான். பால், தயிர், சீஸ் ஆகியவற்றைச் சாப்பிடுவேன், முட்டையைத் தொடுவதில்லை. விடுதியில் தங்குபவர்கள் மூன்று வேளையும் கல்லூரியின் உணவுக்கூடத்திலேயே சாப்பிட வேண்டும். அறையில் அடுப்பு வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. பருவம் முழுமைக்குமான உணவுக் கட்டணத்தை முன்பே செலுத்திவிட்டதால், வெளியில் சென்று சாப்பிட்டால் ஒரே வேளைக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாக ஆகிவிடும்.

உணவே கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு வேளையும் ஏழெட்டு வகைகளைப் பரப்பி வைக்கிறார்கள். ஆனால் இதில் இறைச்சி, அதில் மீன், இன்னொன்றில் முட்டை என்று ஒதுக்கிக்கொண்டே போனால், வரிசையின் முடிவில் என் தட்டில் இருப்பவை பச்சை இலைகளும், இரண்டு துண்டு ரொட்டியும், கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவலும்தான். அப்போதைக்கு வயிறு நிறைந்தது போல இருக்கும். இரவு பத்து மணிக்கெல்லாம் மீண்டும் பசி எடுத்து, புத்தகத்தில் மனம் நிற்பதில்லை. மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏறும்போது முன்பு இல்லாத அளவுக்கு மூச்சு வாங்குகிறது.

இவையெல்லாம் நாளடைவில் பழகிவிடும் என்று நினைத்திருந்தேன். சென்ற வாரம் நடந்த ஒன்றைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. உணவுக்கூடத்தில் நாள்தோறும் ஒரு பெரிய பாத்திரத்தில் சூப் இருக்கும். அதன் முன்னால் உள்ள சிறிய பலகையில் ‘காய்கறி சூப்’ என்று எழுதியிருக்கும். சூடாகக் கிடைத்த, என்னுடையது என்று நான் நம்பிய ஒரே உணவு அதுதான் என்பதால் ஆறு வாரங்களாக ஏறக்குறைய தினமும் குடித்து வந்தேன். அன்று மாலை சற்று முன்னதாகவே சென்றபோது பரிமாறுபவர் அந்தப் பாத்திரத்தை மீண்டும் நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த டப்பாவிலிருந்து மஞ்சள் நிறக் களிம்பு போன்ற ஒன்றை இரண்டு கரண்டி அள்ளி, கொதிக்கும் நீரில் போட்டுக் கலக்கினார். பிறகுதான் காய்கறிகளைக் கொட்டினார். டப்பாவின் மூடியில் கோழியின் படம் இருந்தது. நான் கேட்டேன். “எல்லாச் சூப்புக்கும் இதுதானே போடுவோம்” என்று அவர் இயல்பாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

அவர் பொய் சொல்லவில்லை. பலகையும் பொய் சொல்லவில்லை. சூப்பில் காய்கறி இருக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றிரவு என்னால் எதையும் சாப்பிட முடியவில்லை. அதன் பிறகு சோற்றைப் பார்த்தாலும், பீன்ஸைப் பார்த்தாலும் ‘இதில் என்ன கலந்திருக்கிறதோ’ என்ற எண்ணமே முதலில் வருகிறது. தொலைபேசியில் அம்மா “இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்கும்போது, “நன்றாகத்தான் சாப்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன்.

இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள். எந்த உணவில் என்ன கலந்திருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பரபரப்பான நேரத்தில் பணியாளர்களுக்குத் தொல்லை கொடுக்காமல் எப்படிக் கேட்பது? கிடைப்பதைக் கொண்டு உடம்புக்குத் தேவையானதைப் பெற முடியுமா?

பதில் 1: நான்கு ஆண்டுகள் விடுதி உணவில் இருந்தவர்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்தபோது என்னுடைய முதல் பருவம் அப்படியே கண்முன் வந்தது. எனக்கு அது சூப்பில் நடக்கவில்லை, பீன்ஸில் நடந்தது. பன்றிக் கொழுப்பில் தாளித்த பீன்ஸை இரண்டு மாதம் சாப்பிட்டிருக்கிறேன். தெரியாமல் நடந்ததற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம் என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். தெரிந்த கணத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். ஒருவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அடுத்ததாக, நீங்கள் எழுதியதிலேயே ஒரு வார்த்தை என் கண்ணில் பட்டது: ‘ஒதுக்கிக்கொண்டே போனால்’. நானும் முதல் பருவம் முழுவதும் அதையேதான் செய்தேன். தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று, முன்னால் வருவதில் ஆகாதவற்றை விட்டுவிட்டு, மிச்சத்தைச் சாப்பாடு என்று எண்ணினேன். அந்தப் பருவத்தில் ஐந்து கிலோ எடை குறைந்தேன். இறைச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சைவச் சாப்பாடு ஆகிவிடாது. இறைச்சி இருந்த இடத்தில் பருப்போ பயறோ பாலோ வந்து உட்கார வேண்டும். அந்த இடம் காலியாக இருப்பதனால்தான் பத்து மணிக்குப் பசிக்கிறது.

ஆகவே இனிமேல் தட்டை எடுப்பதற்கு முன்பு வெறுங்கையோடு கூடம் முழுவதையும் ஒரு முறை சுற்றி வாருங்கள். சமைத்து முடித்த உணவு வகைகளாக அவற்றைப் பார்க்காமல், தனித்தனிப் பொருள்களாகப் பாருங்கள். சாலட் மேசையின் கோடியில், யாரும் அதிகம் தொடாத கிண்ணங்களில், வேகவைத்த கொண்டைக்கடலையோ வேறு பயறோ பெரும்பாலும் இருக்கும். நான் அதை இரண்டு ஆண்டுகளாக அலங்காரத்துக்கு வைத்திருப்பது போலக் கடந்து போயிருக்கிறேன். அதை ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, வேறொரு மேசையில் உள்ள வெறும் சோற்றின் மேல் கொட்டி, வதக்கிய காய்கறியும் தயிரும் சேர்த்துக்கொண்டால் அது ஒரு முழுச் சாப்பாடு. காலை உணவுக்கான மேசையில் இருக்கும் நிலக்கடலை வெண்ணெயை மதிய வேளையிலும் கேட்டு வாங்கலாம். அந்தந்த வேளைக்கு அந்தந்த மேசை என்பதெல்லாம் நாமாக வைத்துக்கொண்டதுதான்.

நம் கண்முன்னே சமைத்துத் தரும் இடம் இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். “என்னுடையதை மட்டும் புதிய வாணலியில் செய்து தர இயலுமா?” என்று கேட்டபோது நான்கு ஆண்டுகளில் ஒருவர்கூட என்னிடம் முகம் சுளித்ததில்லை. கூடம் திறந்த பத்து நிமிடத்துக்குள் சென்றுவிடுங்கள். கரண்டிகள் அப்போதுதான் அவற்றுக்குரிய தட்டுகளிலேயே இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் போனால், இறைச்சியை எடுத்த இடுக்கி காய்கறித் தட்டில் கிடப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

அறையில் வறுத்த நிலக்கடலையும், பழமும், ஒரு புட்டி பால் பொடியும் எப்போதும் இருக்கட்டும். இரவில் படிப்பைக் காப்பாற்ற அவை போதும்.

பதில் 2: கல்லூரிச் சமையற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர்

அன்பு மகளுக்கு வணக்கம். ஒன்பது ஆண்டுகள் ஒரு கல்லூரிச் சமையற்கூடத்தில் பணிபுரிந்தவன் என்ற முறையில், பாத்திரத்தின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பார்த்த அந்த டப்பா ஏறத்தாழ எல்லாப் பெரிய சமையற்கூடங்களிலும் இருக்கிறது. எலும்பையும் காய்கறியையும் மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு இறக்க நேரமும் அடுப்பும் இல்லாத இடத்தில், அந்தச் சாற்றையே சுண்டவைத்து உப்புச் சேர்த்துக் களிம்பாக்கி விற்கிறார்கள். ஒரு கரண்டியைக் கொதிநீரில் கரைத்தால் சூப்புக்கு அடித்தளம் தயார். காய்கறிச் சாற்றிலிருந்து செய்த களிம்பும் அதே கடைகளில் அதே அளவு டப்பாக்களில் கிடைக்கிறது. கிடங்கில் ஒரே வகை இருந்தால் கணக்கு எளிது என்பதற்காகக் கோழி வகையை மட்டும் வாங்கி வைப்பார்கள். உங்களை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. சூப்பில் மிதப்பதை வைத்துப் பெயர் சூட்டுகிறார்கள், கரைந்திருப்பதை வைத்துச் சூட்டுவதில்லை.

ஆகையால் “இது சைவமா?” என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருள் கொள்கிறார்கள். மீன் சைவத்தில் சேரும் என்று நம்பும் சமையற்காரர்களோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாவிட்டால் போதும் என்று எண்ணுபவர்களும் உண்டு. முட்டையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஊற்றிய நீர் வெறும் நீரா, ஏதேனும் சாறா? இதை எந்த எண்ணெயில் அல்லது கொழுப்பில் செய்தீர்கள்? இதைக் கெட்டியாக்கவோ உறையவைக்கவோ எதைச் சேர்த்தீர்கள்? இப்படிக் கேட்டால் யாராலும் மழுப்ப முடியாது, தவறாகப் புரிந்துகொள்ளவும் முடியாது.

முதல் கேள்வியில் சூப், குழம்பு வகைகள், சாறு ஊற்றி வேகவைத்த சோறு ஆகியவை வெளிப்பட்டுவிடும். இரண்டாவதில் பீன்ஸும், மாவுப் பண்டங்களின் மேலோடும், பொரித்தவையும் அடங்கும். மூன்றாவதில் இனிப்புகள். அசைந்தாடும் இனிப்புகளிலும் சில வகைத் தயிரிலும் உள்ள ஜெலட்டின், விலங்குகளின் தோலையும் எலும்பையும் கொண்டு செய்யப்படுவது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரும், பழத்திலிருந்து எடுக்கும் பெக்டினும் அதே வேலையைச் செய்யும்; எது சேர்ந்திருக்கிறது என்பது உறையில் அச்சிடப்பட்டிருக்கும். இவை தவிர, வூஸ்டர்ஷர் சாஸிலும் சீசர் சாலட்டுக்கான கலவையிலும் வழக்கமாக நெத்திலி மீன் உண்டு. சாலட் என்ற பெயரை நம்பிப் பலர் ஏமாறும் இடம் அது. சில சிவப்பு நிறமிகள் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கப்படுகின்றன. பொருள்பட்டியலில் கார்மைன் அல்லது இ120 என்று இருக்கும்.

சீஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நீங்கள் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னெட் என்னும் நொதி முற்காலத்தில் பால்குடிக் கன்றின் இரைப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. அதே நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கும் முறை 1990-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிறகு, இன்று பல வகைச் சீஸ்கள் அப்படியே தயாராகின்றன. ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்கப்படும் சீஸுக்குக் கன்றின் ரென்னெட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. எது உங்களுக்கு ஏற்புடையது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தெரிந்து முடிவு செய்யுங்கள் என்பதற்காகவே எழுதுகிறேன்.

உணவின் முன்னால் வைக்கப்படும் ஒவ்வாமைக் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவற்றைத்தான் அது சொல்லும். கோழியும் மாடும் பன்றியும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. எந்த ஒவ்வாமைக் குறியும் இல்லாத ஒரு கிண்ணத்தில் கோழிச்சாறு தாராளமாக இருக்கலாம்.

எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். பரிமாறுபவருக்குப் பெரும்பாலும் விடை தெரியாது. பின்னால் நூறு பேர் நிற்கும்போது அவர் தெரியாது என்று சொல்லக் கூசி, “ஆமாம், சைவம்தான்” என்று சொல்லிவிடக்கூடும். மதியப் பரிமாறல் முடிந்து இரவுச் சமையல் சூடு பிடிப்பதற்கு முன்பு, மூன்று மணியளவில் சென்று, தலைமைச் சமையற்காரரையோ மேற்பார்வையாளரையோ பாருங்கள். ஒவ்வொரு உணவுக்கும் செய்முறை அட்டை ஒன்று இருக்கும். டப்பாக்களின் மேல் பொருள்பட்டியல் இருக்கும். காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. நீங்கள் கட்டணம் செலுத்திச் சாப்பிடுகிறீர்கள். அந்தக் கேள்வி தொல்லை ஆகாது.

கடைசியாக ஒன்று. நாளைக்கு எவ்வளவு சமைப்பது என்பதை நாங்கள் இன்று மிஞ்சியதைப் பார்த்துத்தான் தீர்மானிப்போம். சைவத் தட்டு நிறையத் திரும்பி வந்தால் அடுத்த வாரம் அளவு குறையும், அதற்கடுத்த மாதம் அந்த உணவே பட்டியலிலிருந்து மறைந்துவிடும். நல்ல சைவ உணவு ஒன்று வரும் நாளில் அதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களைப் போன்றவர்களையும் எடுக்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் சமைத்தவரிடமே ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறை சொல்ல வருபவர்களை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை பல நாள் நினைவில் நிற்கும்.

பதில் 3: உணவியல் படித்துப் பணியாற்றுபவர்

முந்தைய இருவரும் தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது அந்த மூன்றாம் மாடிதான். ஏழு வாரங்களில் புதிதாக மூச்சு வாங்குவதையும் சோர்வையும் ‘சாப்பாடு சரியில்லை’ என்று நீங்களே முடிவு கட்டிவிடாமல், கல்லூரி மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபினை மட்டும் பார்க்காமல், உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் உள்ளது என்பதைக் காட்டும் ஃபெரிட்டினையும், வைட்டமின் பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகவே இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். அளவு மிஞ்சினால் அதுவும் கேடுதான்.

புரதத்திலிருந்து தொடங்குகிறேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 44 கிராம். இலைகள், இரண்டு ரொட்டித் துண்டு, வறுவல் என்று நீங்கள் சொன்ன தட்டில் 10 கிராம் தேறினாலே அதிகம். அதே நேரத்தில் வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் ஏறத்தாழ 18 கிராமும், கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 15 கிராமும், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராமும், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராமும் இருக்கின்றன. முதல் பதிலில் சொன்ன கொண்டைக்கடலைக் கிண்ணம், இரண்டு கோப்பைப் பால், ஒரு கைப்பிடிக் கடலை, இவற்றோடு வழக்கமான சோறும் ரொட்டியும் சேர்ந்தால் நாளின் தேவை நிறைவேறிவிடும். இவற்றில் எதுவும் அரிய பொருள் அன்று.

தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட்டால்தான் புரதம் முழுமையாகும் என்று யாரேனும் உங்களிடம் சொல்லக்கூடும். 1971-இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற ஒரு நூலால் பரவிய கருத்து அது. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த பதிப்பில் அந்த நூலின் ஆசிரியரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஒரு நாள் முழுவதும் பலவகையாகச் சாப்பிட்டாலே போதும்; காலையில் கிடைத்ததையும் இரவில் கிடைத்ததையும் உடல் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளும். உணவுக்கூடத்தில் ஒரே வேளையில் எல்லாம் கிடைக்காதவர்களுக்கு இது மிகவும் ஆறுதலான செய்தி என்பதால் சொல்கிறேன்.

இரும்புச்சத்துதான் கூடுதல் கவனம் வேண்டியது. 19 முதல் 50 வயது வரையிலான பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் என்றும், ஆண்களுக்கு 8 மில்லிகிராம் என்றும் அமெரிக்கப் பரிந்துரைகள் வகுத்துள்ளன. தாவர உணவிலுள்ள இரும்பு எளிதில் உட்கிரகிக்கப்படாததால், சைவ உணவு உண்பவர்களுக்கு அதைப்போல் 1.8 மடங்கு தேவைப்படும் என்றும் அவை சொல்கின்றன. ஒரு கோப்பை வேகவைத்த பருப்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அளவைக் கூட்டுவதைவிட உட்கிரகிப்பைக் கூட்டுவதே எளிய வழி. வைட்டமின் சி உள்ள ஏதேனும் ஒன்று, ஓர் ஆரஞ்சுப் பழமோ, சில துண்டு குடைமிளகாயோ, பருப்பின் மேல் பிழிந்த அரை எலுமிச்சையோ அதே வேளையில் சேர்ந்தால், உடலில் சேரும் இரும்பு இரண்டு மூன்று மடங்கு வரை உயரக்கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் நேர்மாறாக அதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். என்னிடம் வரும் மாணவிகளில் பலருக்கு இந்த ஒரு மாற்றத்தையே முதலில் சொல்வேன்.

பி12 நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். தாவரங்களிலிருந்து நம்பத்தக்க அளவில் அது கிடைக்காது. ஒரு கோப்பைப் பாலில் ஏறத்தாழ 1.2 இருப்பதால், பால் குடிக்கும் உங்களுக்கு அது எட்டாத ஒன்றன்று. பாலையும் தவிர்ப்பவர்கள் பி12 சேர்த்துச் செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகள் தாங்குவதால் குறைபாடு உடனே தெரியாது. கைகால் மரத்துப்போன பிறகு தெரிந்துகொள்வது மிகவும் தாமதம்.

பதில் 4: முதுநிலை மாணவர்

மேற்பார்வையாளர் ஐயா சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு வேளையும் மனத்தில் சுமந்துகொண்டு போனால் சாப்பாடே விசாரணையாகிவிடும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். ஓர் ஆண்டு முழுவதும் அப்படித்தான் இருந்தேன். பொரிக்கும் எண்ணெய், வாணலி, இடுக்கி என்று எதையும் நம்பாமல், கடைசியில் நண்பர்களோடு மேசையில் உட்காருவதையே நிறுத்திவிட்டேன். உணவைவிட அந்தத் தனிமைதான் என்னை அதிகமாக வாட்டியது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமைதியாக உட்கார்ந்து என் எல்லையை நானே வகுத்துக்கொண்டேன். இறைச்சி, மீன், அவற்றின் சாறு, கொழுப்பு, ஜெலட்டின் ஆகியவை ஒருபோதும் வேண்டாம். இறைச்சி பொரித்த எண்ணெயில் பொரித்ததும் வேண்டாம். பக்கத்துத் தட்டில் பட்ட கரண்டியைப் பற்றி, கண்ணால் பார்த்தால் ஒழியக் கவலைப்படுவதில்லை. உங்கள் எல்லை வேறாக இருக்கலாம். என்னுடையதைவிட இறுக்கமாகவும் இருக்கலாம். அதை ஒரு முறை தெளிவாக முடிவு செய்துவிட்டால், வேளைக்கு வேளை மனத்தோடு போராட வேண்டியதில்லை. அந்த வாரத்துக்கான உணவுப் பட்டியலை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து, சந்தேகமானவற்றை மட்டும் குறித்துக்கொண்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். மற்ற நாள்களில் நண்பர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்பது உங்கள் தட்டைப் பாதிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்: பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒவ்வொரு பதிலையும் பல முறை படித்தேன்.

ஐயா சொன்னபடி செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குச் சமையற்கூடத்தின் பின்வாசலுக்குச் சென்றேன். கதவைத் தட்டும்போது கை நடுங்கியது. தலைமைச் சமையற்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, என்னைக் கிடங்குக்கே அழைத்துப் போனார். மேல் அலமாரியில் காய்கறிக் களிம்பு டப்பா ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. யாரும் கேட்காததால் அது அங்கேயே கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் சூப் அதில்தான் தயாராகிறது. அந்த நாள்களில் பலகையின் ஓரத்தில் அவர் பச்சை நிறத்தில் ஓர் இலை வரைந்து வைக்கிறார். நேற்று அந்தச் சூப்பை மீண்டும் குடித்தேன். சுவை முன்பைவிடச் சற்றுக் குறைவுதான். ஆனால் கிண்ணத்தில் ஒரு சொட்டு மீதி வைக்கவில்லை.

இரத்தப் பரிசோதனையில் பி12 சரியாக இருக்கிறது. ஃபெரிட்டின் குறைவாக இருப்பதாக மருத்துவர் சொல்லி, மூன்று மாதங்களுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். கொண்டைக்கடலைக் கிண்ணம் நானே காலி செய்வதால் இப்போது இரண்டாவது கிண்ணமும் வைக்கிறார்கள். அம்மாவிடமும் நடந்ததை முழுவதுமாகச் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். சோறு வெறும் நீரில்தான் வேகிறது என்று அந்த அம்மா சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அது மஞ்சளாக வருகிறது. அன்று அவருக்கு விடுமுறை. அதைச் சாப்பிடலாமா?

பதில் 2 எழுதியவர்

மிக்க மகிழ்ச்சி, மகளே. மஞ்சள் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. வெறும் மஞ்சள் தூளாகவும் இருக்கலாம், அந்தப் பழைய களிம்பாகவும் இருக்கலாம். வெள்ளிக்கிழமைச் செய்முறை அட்டையை வியாழக்கிழமையே அந்த அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அதில் ‘நீர்’ என்று எழுதியிருக்கிறதா ‘சாறு’ என்று எழுதியிருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். சாறு என்றிருந்தால், உங்களுக்காக ஒரு சிறிய தட்டில் வெறும் சோறு தனியாக எடுத்துவைக்கும்படி வெள்ளிக்கிழமைச் சமையற்காரருக்கு அவர் கையாலேயே ஒரு குறிப்பு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். சமையற்கூடத்தில் வாய்ச்சொல் ஒரு பணிநேரத்தோடு மறைந்துவிடும். சுவரில் ஒட்டிய தாள் அடுத்த பணிநேரத்தில் வருபவர் கண்ணிலும் படும்.